கூந்தல் ஜோசியம்

கைரேகை பார்த்துப் பலன் சொல்லுகிறவர் தட்சிணை வாங்கிக்கொள்ளுகிறார். கிளி ஜோசியக்காரர் கிளிக்கு ஒரு நெல்லும் தமக்குச் சில்லறையும் கேட்கிறார். தட்சிணை ஏதும் வாங்காமல், கேட்பார் இல்லாமலே, தெருவோடு போகிறவர்களுக்கெல்லாம் பலன் சொல்லும் ஜோசியம் ஒன்றும் நம் நாட்டில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. அதுதான் கூந்தல் ஜோசியம். இந்தச் சாஸ்திரத்தில் பலனை அநுபவிக்கிறவர்கள் பெண்கள் மாத்திரமே. பலன் சொல்லும் பாத்தியதையோ ஆண் பெண் அனைவருக்கும் உண்டு.

இதன் சூத்திரங்களை நேயர்கள் அறிவார்கள். எண்ணெய் வழிய இழுத்து வாரி, ஒற்றைப் பின்னலாகப் பின்னி, இரண்டு முழம் மல்லிகை சூடியிருந்தால் அடக்கமான பெண். அதே கூந்தலைத் தளரவிட்டு நடுவில் ஒரு கிளிப்பு மட்டும் மாட்டியிருந்தால் நாகரிகப் பைத்தியம். தோளளவு கத்தரித்திருந்தால் புருஷனுக்கு அடங்காதவள். கத்தரிக்கோல் கழுத்துக்கு மேலே ஏறிவிட்டாலோ, பலன் சொல்லுகிறவருக்கே நாக் கூசும். கூசினாலும் சொல்லாமல் விடமாட்டார். சுருட்டை மயிர்க்காரி கோபக்காரி. நரைக்குச் சாயம் பூசினால் வயதுக்கேற்ற அடக்கமில்லாதவள். பூசாவிட்டால் தன்னைக் கவனித்துக்கொள்ளத் தெரியாதவள். நம் சினிமாப் படங்களும் இந்தச் சாஸ்திரத்தை வெகு சிரத்தையுடன் பரப்பி வந்திருக்கின்றன. அடங்காத நகரத்துப் பெண் முதற்காட்சியில் வெட்டிய கூந்தலோடு வருவாள். கதாநாயகர் அவளைத் திருத்தி முடிக்கும்போது, எங்கிருந்துதான் முளைத்ததோ, இடுப்பளவு பின்னல் தொங்கும்.

ஆண்பிள்ளைகளுக்கும் ஒரு காலத்தில் இந்தத் தொல்லை இருந்தது. குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொள்ளத் தொடங்கியபோது வீட்டுக்கு வீடு கலகம்தான். கிராப்புத் தலையன் மதம் மாறிவிடுவான், தகப்பனுக்குத் திவசம் செய்யமாட்டான் என்று பாட்டிமார் கண்ணீர் விட்டார்கள். ஆனால் கிராப்புக்காரர் டிப்டி கலெக்டரானார், ஜட்ஜு ஆனார், அழுகை ஓய்ந்துவிட்டது. பிறகு குடுமிக்காரரே பரிகாசத்துக்கு ஆளாக வேண்டியதாயிற்று. இன்றும் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் காதுக்கு மேலே ஒட்ட வெட்டிக்கொண்டு, உச்சியில் மட்டும் சேவற்கொண்டைபோல் விட்டுக்கொண்டு வந்தால், உபாத்தியாயர்கள் அதட்டுவதுண்டு. நாமும் அதட்டியிருக்கிறோம். ஆயினும் அந்தப் பையனுக்குப் பெண் கொடுக்கும்போது யாராவது அந்தக் கொண்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளுகிறார்களா? ஆண் தலையின் குற்றம் அடுத்த க்ஷவரத்தோடு தீர்ந்துபோகிறது. பெண் தலையின் குற்றம் மயிர் வளர்ந்த பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

மலையிலே புகை தெரிந்தால் அங்கே தீ உண்டென்று ஊகிக்கிறோம். தர்க்க சாஸ்திரத்தில் இது முதற் பாடம். மணிமேகலை ஆசிரியரும் இந்த அளவைகளை விஸ்தாரமாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்த ஊகம் செல்ல வேண்டுமானால், புகை உள்ள இடமெல்லாம் தீயும் உண்டு என்ற விடாத் தொடர்பு முன்னமே நிச்சயமாயிருக்க வேண்டும். அந்தத் தொடர்பைத்தான் வியாப்தி என்பார்கள். கூந்தலுக்கும் குணத்துக்கும் இந்த வியாப்தி எந்தச் சபையில், யாரால் நிச்சயிக்கப்பட்டது என்பதே நம் கேள்வி. ஒரே அடையாளம் ஓரிடத்தில் புண்ணியத்தையும் மற்றோரிடத்தில் பாபத்தையும் காட்டுமானால், அது புகையல்ல. பார்க்கிறவர் கண்ணில் விழுந்த தூசி.

மழித்த தலையையே எடுத்துக்கொள்ளுவோம். திருமலையில் கல்யாணகட்டா என்ற முடியிறக்கும் மண்டபத்துக்கு ஒரு நாள் போய் நின்று பாருங்கள். கிழவிகள், பிள்ளை பெற்ற தாய்மார், காலேஜில் படிக்கும் பெண்கள், எல்லாரும் வரிசையில் உட்கார்ந்து இடுப்பளவு கூந்தலை இறக்கிவிட்டு, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு சிரித்துக்கொண்டே வெளியே வருகிறார்கள். ஊருக்குத் திரும்பினால், "வேண்டுதல் நிறைவேறிவிட்டதா?" என்று மரியாதையாக விசாரிப்பார்கள். பழனியிலும் அப்படியே. மழித்த தலை அங்கே பக்தியின் முத்திரை.

அதே கத்தி, அதே தலை. புருஷன் இறந்த பத்தாம் நாள் அந்தக் கத்தி தலையில் பட்டதானால் பலன் தலைகீழாகிவிடும். கைம்பெண்கள் கூந்தலைக் களைந்து நோன்பிருந்ததைப் புறநானூற்றுப் புலவர்களே பாடியிருக்கிறார்கள். வழக்கம் அவ்வளவு பழையது. பிற்காலத்தில் பிராமணக் குடும்பங்களிலும் வேறு சில சமூகங்களிலும் இது கட்டாயமாக நிலைத்தது. விதவையின் பின்னல் இறந்துபோன புருஷனைப் பரலோகத்திலும் கட்டிப்போடும் என்று காசி காண்டத்திலிருந்து பிரமாணம் காட்டினார்கள். ஒரு நாளோடு முடிந்த காரியமா அது? மயிர் வளர வளர நாவிதர் கொல்லைப்புற வழியாக வந்துகொண்டே இருக்க வேண்டும். எட்டு வயதில் தாலி கட்டி, பத்து வயதில் அதை அறுத்துக்கொண்ட குழந்தைகள்கூடப் பருவமடைந்ததும் அந்தக் கொல்லைப்புறத்தில் தலை குனிந்து உட்கார்ந்தார்கள். பிறகு வாழ்நாள் முழுதும் அந்தத் தலைக்கு எழுதிவைத்த குணங்கள் தயாராக இருந்தன: எதிரே வந்தால் சகுனத் தடை, கல்யாண வீட்டுக்கு ஆகாதவள், வாயாடி, கோள் சொல்லுகிறவள், மருமகளைப் படுத்துகிறவள். பழைய கதைகளிலும் நாடகங்களிலும் மொட்டைப் பாட்டி என்றால் ஏறக்குறைய இந்த லட்சணங்கள் எல்லாம் பொருந்தியிருக்கும். முதலில் தலையை மழித்தவர்கள் அவள் அல்ல, மற்றவர்கள். மழித்துவிட்டு, மழித்த தலையைப் பார்த்துக் குணம் சொன்னவர்களும் அவர்களே.

இந்த வழக்கத்தை எதிர்த்துப் பிரசங்கம் செய்த பெரியோர் பலர். ஆனால் நமக்கு மிகவும் பிடித்த எதிர்ப்பு பிரசங்க மேடையில் நிகழ்ந்ததன்று. 1890-ம் வருஷத்தில் பம்பாயில் நாவிதர்கள் கூடி, இனி விதவைகளின் தலையில் கத்தி வைப்பதில்லை என்று தீர்மானித்தார்கள். ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக சமாஜத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவர் அவர்களுக்கு ஊக்கமளித்தார். சாஸ்திரம் தெரிந்தவர்கள் நூற்றுக்கணக்கான வருஷங்களாக விவாதித்துக்கொண்டிருந்த விஷயத்தை, கத்தியைக் கையில் பிடித்தவர்கள் தங்கள் கையை எடுத்துவிட்டுத் தீர்க்கப் பார்த்தார்கள். அந்தப் பாவத்தில் தங்களுக்குப் பங்கு வேண்டாமென்று சொல்ல அவர்களுக்கு எந்தப் பட்டமும் தேவையிருக்கவில்லை.

நம் சென்னை ராஜதானியிலும் ஒரு தகப்பனார் இருந்தார். சுப்பிரமணிய ஐயர் என்று பெயர். பால்யத்திலேயே விதவையான தம் மகளின் தலையை மழிக்க அவர் சம்மதிக்கவில்லை; மகளைப் படிக்கவைத்தார். அந்த மகள்தான் சகோதரி சுப்புலட்சுமி. 1911-ம் வருஷத்தில் அவர் பி. ஏ. தேறினார், மறு வருஷமே தம்மைப்போன்ற சிறு பெண்களைச் சேர்த்து ஓர் இல்லம் தொடங்கினார். பிற்பாடு அந்த இல்லம் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டிடத்தில் நடந்தது. அங்கிருந்து உபாத்தியாயினிகளாகப் புறப்பட்டவர்கள் எத்தனையோ பேர். ஒரு தலையில் கத்தி படாததால் எத்தனை தலைகள் நிமிர்ந்தன என்று நம் போன்ற உபாத்தியாயர்கள் அவ்வப்போது எண்ணிப் பார்ப்பது நல்லது.

விதவைக்கு மொட்டையிடும் வழக்கம் இக்காலத்தில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. மொட்டைத் தலைக்கு ஜோசியம் சொல்லுவது மறையவில்லை. நமக்குத் தெரிந்த மாது ஒருவர் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு தலைமயிர் முழுதும் உதிர்ந்து போனவர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், "திருப்பதிங்களா, பழனிங்களா?" என்று கேட்பார்களாம். "பழனிங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுவார். உண்மையைச் சொன்னால் உடனே புருஷன் பிள்ளைகளைப் பற்றிய விசாரணை, அதன்மேல் அவருடைய பூர்வஜன்மத்தைப் பற்றிய பலன்! பொய்யாக ஒரு பக்தியை ஏற்றுக்கொள்ளுவது அவருக்குச் சுலபமாயிருந்தது.

திருமலையில் இறக்கிய முடியின் கதையும் வேடிக்கையானதுதான். தேவஸ்தானத்தார் அதை ஏலம் விடுகிறார்கள், கோடிக்கணக்கில் வருமானம். கடல் கடந்து போய் அது பொய்முடியாகிறது. யூதர்களில் வைதிகமான குடும்பத்து ஸ்திரீகள் கல்யாணமான பிறகு தம் கூந்தலைப் பிறர் கண்ணில் காட்டக்கூடாது. பலர் அதை மறைக்கப் பொய்முடி அணிகிறார்கள். அந்தப் பொய்முடியில் இருப்பது ஹிந்துக் கோயிலில் காணிக்கையிட்ட மயிர், ஆகவே விக்கிரகாராதனையின் பிரசாதம் என்று 2004-ம் வருஷத்தில் எருசலேம் நகரத்துப் பெரிய குரு ஒருவர் தீர்ப்புச் சொன்னார். உடனே நியூயார்க்கிலும் எருசலேமிலும் தெருவிலே குவித்து எரித்தார்கள். அந்தக் கூந்தலுக்கு எத்தனை ஜன்மம் பாருங்கள்! ஆந்திர தேசத்தில் அது பக்தி. ஒரு யூத மனைவியின் தலையில் பத்தினித்தனம். மறுநாள் அதுவே அசுத்தம். மயிரோ எல்லா இடத்திலும் மயிராகவே இருந்தது.

இனிக் குட்டைக் கூந்தலுக்கு வருவோம். ஓர் அடையாளத்தின்மேல் அர்த்தம் எப்படி வந்து ஏறிக்கொள்ளுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அமெரிக்காவில் ஐரீன் காஸில் என்ற நடனக்காரி, 1914-ஐ ஒட்டி, குடல்வால் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் சௌகரியத்தை உத்தேசித்துக் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டாள். அது அழகாயிருக்கிறதென்று பலரும் கத்தரித்துக்கொண்டார்கள். பிறகு யுத்தம் வந்தது. பெண்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். நீண்ட கூந்தலை இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியுமா? இப்படிச் சௌகரியத்துக்காகக் கத்தரித்தவர்களில் பலர் சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கியிருந்தார்கள். சம்பாதிக்கும் பெண்ணைக் கண்டு எரிச்சல் கொண்டவர்களுக்கு அவளுடைய சம்பளம் வெளியே தெரியவில்லை, கூந்தல் தெரிந்தது. ஆகவே எரிச்சல் முழுவதும் கூந்தலின்மேல் இறங்கிற்று.

எரிச்சலோடு நின்றுவிட்டால் நாம் இதை எழுத வேண்டியதில்லை. ஜப்பானில் 1871-ல் ஆண்கள் உச்சிக்குடுமியை எடுத்துவிடலாமென்று அரசாங்கம் உத்தரவு போட்டது. அதைக் கண்டு சில பெண்களும் கத்தரித்துக்கொள்ளவே, மறு வருஷமே டோக்கியோவில் பெண்களுக்குத் தடையுத்தரவு பிறந்தது. ஆணுக்கு நாகரிகம், பெண்ணுக்குக் குற்றம்! சீனாவில் நடந்ததோ அதனினும் கொடிது. 1919-ல் மாணவர் கிளர்ச்சி எழுந்த பிறகு, படித்த பெண்கள் பலர் பின்னலை வெட்டி எறிந்தார்கள். 1926, 1927-ம் வருஷங்களில் தெற்கேயிருந்து தேசியப் படை வடக்கே கிளம்பியபோது மாதர் சங்கங்கள் ஊர் ஊராகக் குட்டைக் கூந்தலைப் பரப்பின. சில இடங்களில் சம்மதிக்காத பெண்களையும் பிடித்துவைத்துக் கத்தரித்தார்கள். இதையும் நாம் சொல்லத்தான் வேண்டும். பின்னலுள்ள பெண்ணெல்லாம் அடிமைப்புத்தி உள்ளவள் என்பதும் கூந்தல் ஜோசியந்தானே? 1927 ஏப்ரலில் சியாங் கை ஷேக் தம் பழைய கூட்டாளிகளான கம்யூனிஸ்டுகள்மேல் பாய்ந்தார். கட்சிச் சீட்டு இருக்கிறதா என்று தேட அவகாசம் ஏது? குட்டைக் கூந்தலே சாட்சியாயிற்று. கட்சி இன்னதென்றே அறியாத பெண்களும், சங்கத்தார் பலவந்தமாகக் கத்தரித்துவிட்ட பெண்களுங்கூட, அந்தச் சாட்சியத்துக்குத் தப்ப வழியில்லை. பலர் கொல்லப்பட்டார்கள். மயிர் வளர மாதங்கள் செல்லும். துப்பாக்கிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

நம் நாட்டில் பெண்களும் கிராப்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்று பெரியார் ஈ. வெ. ரா. சொன்னார். சொன்னாரேயன்றி யார் கையிலும் கத்தரிக்கோலைக் கொடுத்து அனுப்பவில்லை. கேட்டவர்களில் மிகச் சிலரே கத்தரித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் பின்னலோடு கூட்டத்துக்குப் போய்ப் பின்னலோடு திரும்பினார்கள். அதனால் அவர்கள் கேட்டது வீணாய்ப் போயிற்றென்று சொல்ல முடியுமா?

இவையெல்லாம் பழங்கதை என்று நேயர்கள் எண்ணலாம். 2021-ம் வருஷத்தில் டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்களில் தென் கொரியாவின் வில்வீராங்கனை ஆன் சான் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றாள். வயது இருபது. அவளுடைய நாட்டு வாலிபர்களில் ஒரு கூட்டத்தார் அவளுடைய அம்பு போய்த் தைத்த இடத்தைப் பார்க்கவில்லை; தலையைப் பார்த்தார்கள். குட்டைக் கூந்தல்! ஆகவே ஆண்களைப் பகைக்கும் பெண்ணுரிமைக்காரி. பதக்கங்களைத் திருப்பி வாங்க வேண்டும் என்று கூச்சலிட்டார்கள். 2023 நவம்பரில் அதே நாட்டில் ஜின்ஜு என்ற ஊரில், இரவில் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை ஒருவன், அவள் கூந்தல் குட்டையாயிருப்பதைக் காரணமாகச் சொல்லியே அடித்துக் காயப்படுத்தினான். பெண்களின்மேல் கொண்ட துவேஷமே குற்றத்துக்குக் காரணமென்று 2024-ல் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. இந்தியாவிலே 1966-ல் பிரதம மந்திரியான இந்திரா காந்தியும் குட்டைக் கூந்தல்காரர்தான். அவர் விஷயத்தில் அதைக் கம்பீரம் என்றே அநேகர் சொன்னார்கள். அதிகாரம் கையில் இருந்தால் ஜோசியர்களும் பலனைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லுவதுண்டு.

நம் சொந்த அநுபவத்தில் ஒன்று. நாம் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில், மற்றப் பல பள்ளிக்கூடங்களைப்போலவே, பெண் குழந்தைகள் இரட்டைச் சடை பின்னி, மடித்து, ரிப்பன் கட்டிக்கொண்டு வரவேண்டும் என்பது விதி. விதியின் நோக்கம் நல்லதுதான். பேன் தொல்லை குறையும், பணக்காரக் குழந்தைக்கும் ஏழைக் குழந்தைக்கும் தலையில் பேதம் தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் ஒரு திங்கட்கிழமை காலையில் கழுத்துக்கு மேலே ஒட்டக் கத்தரித்த தலையோடு வந்தாள். அன்று பிற்பகலுக்குள் உபாத்தியாயர் அறையில் அவளுக்குப் பலன் சொல்லி முடித்தாகிவிட்டது: திமிர் பிடித்துவிட்டது, இனி மற்றவர்களையும் கெடுப்பாள்.

இரண்டு வாரம் கழித்து, பாட நேரத்தில் இரண்டு பெண்கள் காம்பவுண்டுச் சுவர் ஏறிக் குதித்து ஐஸ் வாங்கித் தின்றார்கள் என்று பிராது வந்தது. தூரத்திலிருந்து பார்த்தவருக்கு முகம் தெரியவில்லை. விசாரணையில் முதலில் அடிபட்ட பெயர் கத்தரித்த தலைக்காரியின் பெயர்தான். டி. சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்ற வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. அந்த மணியில் அவள் நம் வகுப்பில், முதல் வரிசையில், பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வருகைப் பதிவேட்டைக் கொண்டுபோய்க் காட்டினோம். எல்லாரும் பார்த்தார்கள். நம் சகோதர ஆசிரியர் ஒருவர், மிகவும் நல்லவர், பதிவேட்டை மூடிவைத்துவிட்டு, "இருந்தாலும் ஸார், அந்தத் தலையைப் பார்த்தால்..." என்று இழுத்தார்.

அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லுக்குள் பத்து வருஷத்துப் படிப்பு நின்றுபோகக்கூடும். டி. சி. வாங்கிய பெண்ணை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்க அந்த வீட்டில் யாருக்கும் பொழுதில்லை. நேரே தாயோடு கம்பெனி வேலைக்குத்தான் போயிருப்பாள்.

அந்தப் பெண்ணை நாம் தனியாக விசாரித்தோம். "அம்மாயி செத்துப் போச்சுங்க ஸார். அம்மா அஞ்சரை மணிக்கே பனியன் கம்பெனி வண்டிக்குப் போயிருதுங்க. எனக்கு நானே ரெட்டைச் சடை பின்னினா கோணலாப் போவுதுன்னு தெனமும் வெளியே நிக்க வெச்சாங்க. அதான் அம்மா வெட்டியுட்டுட்டாங்க" என்றாள். அவ்வளவுதான் கதை. பாட்டி இருந்தவரையில் அந்தத் தலையில் தினந்தோறும் காலையில் அரை மணி நேரம் இரண்டு கைகள் வேலை செய்தன. கைகள் போய்விட்டன, பின்னலும் போய்விட்டது.

கூந்தல் ஒன்றையுமே சொல்லாது என்று நாம் வாதிக்க வரவில்லை. வீட்டில் எண்ணெய் உண்டா, தலை முழுகத் தண்ணீர் உண்டா, பின்னிவிட ஒருவருக்குப் பொழுது உண்டா, அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறாள் என்பவற்றையெல்லாம் ஒரு குழந்தையின் தலையைப் பார்த்து ஒருவாறு தெரிந்துகொள்ளலாம். இருபத்திரண்டு வருஷங்களாகக் காலைப் பிரார்த்தனையில் வரிசையாக நிற்கும் தலைகளைப் பார்த்து வந்திருக்கிறோம். மழுமழுவென்று வாரிப் பின்னிய தலைகளில் பரீட்சையில் எட்டிப் பார்த்து எழுதுகிறவையும் உண்டு. பரட்டைத் தலைகளில், கீழே கிடந்த ஐந்நூறு ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்ததும் உண்டு. விதியை, 'தலை சுத்தமாகவும், படிக்கும்போது கண்ணை மறைக்காமலும் இருக்க வேண்டும்' என்று மாற்றினால் போதுமே என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். நிர்வாகக் கமிட்டி அடுத்த மாதம் கூடுகிறது.

இந்த வாரம் வந்த கடிதங்களில் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறோம். கோயம்புத்தூர் ஜில்லாவிலிருந்து ஒரு தாயார் எழுதுகிறார். அவருடைய மகள் பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிறாள்; போன வருஷம் கூந்தலைக் கழுத்தளவாகக் கத்தரித்துக்கொண்டாள். வருகிற தை மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். நல்ல இடம். 'பிள்ளையின் தாயார் பழைய பழக்கம். வெட்டிய தலையைப் பார்த்தால் எழுந்து போய்விடுவார்கள். அன்று ஒரு நாள் மட்டும் சவுரி வைத்துப் பின்னி, பூ வைத்து உட்காரவைக்கலாமா?' என்று கேட்கிறார்.

சவுரி நல்ல சவுரியாகக் கிடைக்கும், அம்மா. திருமலையில் யாரோ ஒரு தாய் தன் மகளின் கல்யாணத்துக்காக வேண்டிக்கொண்டு இறக்கிய முடியாகவும் அது இருக்கலாம். ஆனால் தாங்கள் எழுதியிருக்கும் இரண்டு பக்கங்களையும் இரண்டு முறை படித்துப் பார்த்தோம். பிள்ளையின் சம்பளம் இருக்கிறது; வீட்டுக்கு எத்தனை அறை என்றிருக்கிறது; சம்பந்தியம்மாள் என்ன நினைப்பாள் என்பது விவரமாக இருக்கிறது. சவுரியைப் பற்றி மகள் என்ன சொல்லுகிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. அவளைக் கேட்டு அதை எழுதினால், மேற்கொண்டு பதில் எழுத நமக்குச் சௌகரியமாயிருக்கும்.